ஓட்டைக்கு ஒரு ஈர்க்குச்சி

மனிதர்களை எனக்குக் காலை வைத்துத்தான் அடையாளம் தெரியும். சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் என் வேலை அப்படிப்பட்டது. பள்ளத்தின் மேல் ஏற்றி நிறுத்திய வண்டிக்கு அடியில் நின்று, அண்ணாந்து வேலை செய்கிறவனுக்கு, ஓரத்தில் வந்து நிற்பவர்களின் பாதமும் கணுக்காலும்தான் கண்ணுக்கு நேரே தெரியும். லாரி டிரைவரின் கால் வேறு, டாக்சி டிரைவரின் கால் வேறு. வயலிலிருந்து நேராக வருகிறவரின் விரல் இடுக்கில் சேறு காய்ந்திருக்கும். கம்பெனி ஆபீசர்கள் ஷூவின் நுனியால் தரையைத் தட்டிக்கொண்டே பேசுவார்கள்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. சின்ன வயதிலிருந்தே கூச்சம் அதிகம். யாராவது முகத்துக்கு நேரே பார்த்துப் பேசினால் நாக்கு மேலே போய் ஒட்டிக்கொள்ளும். பள்ளத்துக்குள் இறங்கிவிட்டால் அந்தக் கஷ்டம் இல்லை. மேலே நிற்பவருக்கு என் முகம் தெரியாது, எனக்கு அவர் முகம் தெரியாது. அங்கிருந்து நான் நன்றாகவே பேசுவேன். எங்கள் முதலாளி என்னைப் பற்றி எல்லோரிடமும் ஒரே வார்த்தைதான் சொல்லுவார்: "மேல வந்தா ஊமை, கீழ எறங்குனா ரேடியோ."

இப்போது எனக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. நான் சொல்லப்போவது தொண்ணூற்றொன்றாம் வருஷத்துக் கதை. அந்த வருஷம் ஒரு பெரிய தலைவரைக் குண்டு வைத்துக் கொன்றதால் எங்கள் பக்கத்து ஊரின் பெயரைப் பேப்பர்களெல்லாம் எழுதின. அதைப் பற்றி எழுதப் பெரியவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்த வருஷம் என்றால் ஐப்பசி மழையும் ஒரு அம்பாசிடர் வண்டியும்தான் ஞாபகம்.

எங்கள் வாட்டர் சர்வீஸ் ஒரகடம் கூட்டு ரோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் இருந்தது. ஒரு கிணறு, ஒரு மோட்டார், சிமெண்டில் கட்டிய பள்ளம், அதன் மேல் தகரக் கூரை. அவ்வளவுதான். சுற்றிலும் நெல் வயல். சில வயல்களில் மட்டும் கம்பெனிக்காரர்கள் அளந்து வெள்ளைக் கல் நட்டிருந்தார்கள். கல்லுக்கு இந்தப் பக்கம் நாற்று நட்டுக்கொண்டிருப்பார்கள், அந்தப் பக்கம் அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருப்பார்கள். முதலாளி லாரி ஓட்டிச் சம்பாதித்து அந்த இடத்தைப் பிடித்தவர். வண்டியைக் கழுவ வேறு ஆட்கள் இருந்தார்கள். அடிப்பக்கம் மட்டும் என் பொறுப்பு.

வண்டி வாங்குகிற யாரும் அடியைக் குனிந்து பார்ப்பதில்லை. துரு முதலில் வருவது அங்கேதான். டயர் வாரி இறைக்கிற சேறு மட்கார்டின் உள்பக்கம் அப்பிக்கொள்ளும். மேலே காய்ந்த மாதிரி தெரியும், உள்ளே மாதக்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். மகாபலிபுரம் பக்கம் சவாரி போய் வந்த வண்டியாக இருந்தால் உப்பும் சேரும். நான் முதலில் தண்ணீரை வேகமாக அடித்துச் சேற்றைக் கரைப்பேன். காய்ந்த பிறகு கம்பிப் பிரஷ், அப்புறம் உப்புத்தாள். தகடு வெள்ளையாகத் தெரிந்ததும் செங்காவி நிறத்தில் ரெட் ஆக்சைடு ஒரு கை. அது காய்ந்தபின் மண்ணெண்ணெய் விட்டு இளக்கிய தார். தார் போட்டால்தான் எல்லோருக்கும் திருப்தி. கறுகறுவென்று மின்னும், காசு கொடுத்ததற்குக் கண்ணுக்கு ஏதாவது தெரியும்.

தார் அடிப்பதற்கு முன்னால் நான் செய்கிற ஒரு வேலை உண்டு. கதவுகளின் அடி விளிம்பிலும், கதவுக்குக் கீழே நீளமாக ஓடுகிற பெட்டி போன்ற தகட்டிலும் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். வண்டி செய்கிறவர்களே வைத்த ஓட்டைகள். கண்ணாடி வழியாகக் கதவுக்குள் இறங்குகிற மழைத் தண்ணீர் அவற்றின் வழியாகத்தான் வெளியே போக வேண்டும். தார் அடித்தால் அவை அடைபட்டுவிடும். அதனால் ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு ஈர்க்குச்சியைச் சொருகிவிட்டுத் தார் அடிப்பேன். தார் பாதி இறுகும்போது குச்சியை உருவிவிட்டால் ஓட்டை ஓட்டையாகவே இருக்கும். முதலாளிக்கு இதில் வருத்தம். கடையில் எந்தத் துடைப்பமும் ஒரு மாதத்துக்கு மேல் தாங்காது.

இனி அந்த ஐப்பசிக்கு வருகிறேன்.

அப்போது எனக்கு முப்பத்தாறு வயது, கல்யாணம் ஆகவில்லை. அப்பா அம்மா போன பிறகு என் அக்காதான் எனக்கு எல்லாம். மண்ணூரில் கட்டிக்கொடுத்த அக்கா, வாரம் ஒரு தடவை பஸ் பிடித்து வந்து எனக்குப் பெண் தேடுகிற கதையைச் சொல்லிவிட்டுப் போவாள். பார்க்கப் போன இடங்களில் எல்லாம் ஒரே காரணம்தான் சொன்னார்கள். மாப்பிள்ளை நல்லவராகத்தான் தெரிகிறார், ஆனால் வாயைத் திறக்கவில்லையே. ஒரு வீட்டில் எனக்குப் பேச்சே வராதோ என்று பக்கத்து வீட்டில் விசாரித்திருக்கிறார்கள்.

கடைசியாக அக்கா படப்பையில் ஒரு இடம் பார்த்தாள். பெண்ணுக்கு முப்பது வயது. அப்பா இல்லை. செருப்புக்கு மேல்பாகம் தைக்கிற கம்பெனியில் வேலை, கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறாள். அண்ணன் சொந்தமாக ஒரு அம்பாசிடர் வைத்து டாக்சி ஓட்டுகிறார். அந்த வீட்டுச் சாப்பாடே அந்த வண்டியை நம்பித்தான்.

பெண் பார்க்கப் போனோம். அண்ணன் நிறையக் கேட்டார். சம்பளம், வீடு, பழக்கவழக்கம். எல்லாவற்றுக்கும் அக்காவே பதில் சொன்னாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காப்பி வந்தது. டம்ளரை எடுத்தபோதும் நான் நிமிரவில்லை. அதனால் அந்த வீட்டில் நான் பார்த்தது இரண்டு பாதங்களை மட்டும். இடது கால் பெருவிரலில் நகம் பாதிதான் இருந்தது. கம்பெனியில் இரும்பு அச்சு ஒன்று விழுந்ததில் போனது என்று அவளுடைய அம்மா யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. அந்தப் பாதி நகத்தை நான் மறக்கவில்லை. ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. வலித்திருக்கும் என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

கிளம்பும்போது வாசலில் அண்ணன் அக்காவைத் தனியாக நிறுத்திப் பேசினார்.

"தப்பா நெனைச்சுக்காதீங்கக்கா. மாப்ள பேசுவாரா?"

"பேசுவாம்பா. புது எடம், கூச்சம்."

"ஐப்பசி முடியறதுக்குள்ள சொல்லி அனுப்பறோம்."

பஸ்ஸில் திரும்பினோம். ஒரகடத்தில் நான் இறங்கும்போது அக்கா சொன்னாள். "டேய், இதுதான் கடைசி. இதுக்கு மேல எனக்கும் தெம்பு இல்ல. ஒரு வார்த்த, ஒரே ஒரு வார்த்த பேசியிருக்கக் கூடாதா?"

எனக்கு அந்த இடம் அமைய வேண்டும் என்று ஆசையாக இருந்தது. அதற்கு முன்னால் போன எந்த வீட்டைப் பற்றியும் அப்படித் தோன்றியதில்லை. அதை அக்காவிடம் சொல்லவும் வாய் வரவில்லை.

சில நாள் மழை விடாமல் பெய்தது. ஒரு நாள் காலையில் கொஞ்சம் வெறித்தது. நான் பள்ளத்தில் இறங்கி, சேர்ந்திருந்த தண்ணீரை வாளியில் மொண்டு வெளியே ஊற்றிக்கொண்டிருந்தேன். மேலே ஒரு வண்டி வந்து நின்றது. முதலாளி கையைக் காட்டிக் காட்டி அதைப் பள்ளத்துக்கு நேராக ஏற்றினார். வெளிச்சம் மறைந்தது. அண்ணாந்து பார்த்தால் தார் பூசிய அடி, பளபளவென்று இருந்தது.

மேலே பேச்சுக் கேட்டது.

"பின் சீட்டாண்ட கால் வெச்சா ஈரமா கீது நைனா. போன வாரம் கல்யாண சவாரி, ஒரு அம்மா பொடவ நனைஞ்சிடுச்சுன்னு ஒரே சண்ட. போன வருசந்தான் தார் அடிச்சேன். எங்கனா ஒரு எடம் வுட்டுப் போயிருக்கும். மேல இன்னொரு கோட்டு அடிச்சு வுடச் சொல்லு, போதும்."

அந்தக் குரலை நான் சமீபத்தில்தான் கேட்டிருந்தேன். சம்பளம் எவ்வளவு என்று கேட்ட குரல். அதே நேரத்தில் பின்கதவு திறந்தது. நீல வார் வைத்த ரப்பர் செருப்பில் இரண்டு பாதங்கள் இறங்கின. நேராகப் பள்ளத்தின் ஓரத்துக்கு வந்து நின்றன. இடது பெருவிரலில் பாதி நகம்.

என் கையிலிருந்த டார்ச் விளக்கு தண்ணீரில் விழுந்துவிட்டது. அதை எடுத்துத் துடைக்கிற சாக்கில் கொஞ்ச நேரம் போக்கினேன்.

முதலாளிக்கு அவர்கள் யாரென்று தெரியாது. "நான் இன்னா கண்டேன், கீழ ஆள் கீறான், அவனக் கேளு" என்று சொல்லிவிட்டு மோட்டார் பக்கம் போய்விட்டார்.

திருப்புளியின் பிடியால் தகட்டைத் தட்டிக்கொண்டே வந்தேன். நல்ல தகடு என்றால் சத்தம் கணீரென்று திரும்பி வரும். இந்த வண்டியில் கதவுக்குக் கீழே ஓடுகிற பெட்டித் தகட்டைத் தட்டியபோது தண்ணீர்ப் பானையைத் தட்டுகிற மாதிரி இருந்தது. தாருக்கு அடியில், அங்கங்கே, வட்டம் வட்டமாக ஏதோ மேடு தட்டியது. ஒன்றைச் சுரண்டினேன். தார் உரிந்தது. உள்ளே வட்டமான ரப்பர்த் துண்டு, நெற்றிப் பொட்டு மாதிரி.

"இன்னா அது?"

அவள்தான் கேட்டாள். பாதங்கள் நகரவில்லை. நான் அந்தப் பாதங்களைப் பார்த்தபடியே பதில் சொன்னேன். பள்ளத்துக்குள் இருந்ததால் நாக்கு எழுந்தது.

"ரப்பருங்க. சைக்கிள் ட்யூப்ப வட்டமா வெட்டி, பஞ்சர் ஒட்டற சொல்யூஷன் தடவி ஒட்டியிருக்காங்க. ரொம்ப நல்ல கைங்க. உப்புத்தாள் போட்டுத் தேச்சு, ஓரம் ஒரு எடத்துலகூட தூக்காம ஒட்டியிருக்காங்க. நான் ஒட்டினாலும் இப்பிடி வராது."

"அப்பறம்?"

"ஆனா இங்க ஒட்டியிருக்கக் கூடாதுங்க."

"ஏன்?"

நான் சொன்னேன். தண்ணீர் ரோட்டிலிருந்து மட்டும் வருவதில்லை, மேலே கண்ணாடி வழியாகவும் இறங்கும், அது வெளியே போவதற்காக வைத்த ஓட்டை இது, இதை அடைத்தால் தண்ணீர் உள்ளேயே தங்கி உள்ளிருந்து துரு தின்னும், வெளியே எத்தனை கோட் தார் அடித்தாலும் துருவுக்கு அது போர்வை போர்த்திவிட்ட மாதிரிதான் என்று நிறுத்தாமல் சொன்னேன். சொல்லிக்கொண்டே அந்த ரப்பர்த் துண்டின் ஓரத்தை நகத்தால் நெம்பிக்கொண்டிருந்தேன்.

பிறகு அவள் சொன்னாள்.

"நான்தான் ஒட்டினேன்."

அந்த நேரம் பார்த்து ரப்பர் கையோடு வந்துவிட்டது. போன வருஷத்து மழை முழுவதும் அந்தத் தகட்டுக்குள் காத்திருந்திருக்கிறது. செக்கச் சிவந்த தண்ணீர், இரும்பு நாற்றத்தோடு, என் நெற்றியில் விழுந்து கண், மூக்கு, சட்டைக் காலர் என்று இறங்கியது. விலக இடமில்லை. கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். இவளிடம் போய் இவள் செய்தது தப்பு என்று சொல்லிவிட்டோமே என்பதுதான் மனதில் ஓடியது. பேசாமல் இருந்தும் கெட்டது, பேசியும் கெட்டது.

கண்ணைத் துடைத்துத் திறந்தபோது அவள் உட்கார்ந்து, தலையைச் சாய்த்து வண்டிக்கு அடியில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். குனிந்துகொள்ளலாம் என்றால் கண்ணுக்குள் மறுபடியும் சிவப்புத் தண்ணீர் இறங்கும். அதனால் நிமிர்ந்தே நின்றேன். அவள் சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு இருந்ததாக இப்போது சொல்லுவாள்.

"போன வருசம் ரோட்ல ஏரித் தண்ணி போச்சு. வண்டிக்குள்ள பூந்துடுச்சு. அண்ணன் தூங்காம கெடந்துச்சு. அதான் கீழ கீற ஓட்டை எல்லாத்தையும் அடச்சுட்டேன்."

"தரையில கீறத அடச்சது சரிதாங்க" என்றேன். அது உண்மை. கால் வைக்கிற தரைத் தகட்டில் இருக்கும் ஓட்டைகளுக்கு மூடி இருக்க வேண்டும், அவை தொலைந்திருந்தன. "அதெல்லாம் அப்பிடியே இருக்கட்டும். கதவுக்கு அடியில கீறது மட்டுந்தான் தொறந்து இருக்கணும். பாதி சரி."

இதற்குள் அண்ணன் வந்துவிட்டார். எவ்வளவு தூரம் துரு தின்றிருக்கிறது என்று பார்க்க நான் திருப்புளியின் முனையால் தகட்டை அழுத்தினேன். அது வெண்ணெயில் இறங்குகிற மாதிரி உள்ளே போய்விட்டது. அவர் குனிந்து பார்த்து, நான்தான் என்று கண்டுகொண்டார்.

"இன்னாங்க இது? நல்லா கீற வண்டிய குத்தினா ஓட்ட ஆவாம இன்னா ஆவும்?"

மேலே ஒரு கோட் அடிக்கச் சொன்னார், அடித்திருக்கலாம். அந்த மழைக்காலத்துக்கு அவர் சந்தோஷமாகப் போயிருப்பார். எனக்கும் நல்ல பெயர் கிடைத்திருக்கும். அது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் குத்தியாகிவிட்டது. தகடு ஏற்கெனவே போய்விட்டது, நான் குத்தவில்லை என்றால் யாராவது கால் வைக்கும்போது போயிருக்கும் என்று சொன்னேன். அவர் கேட்கவில்லை. தங்கையை வண்டியில் ஏறச் சொன்னார். அவள் ஏறுவதற்கு முன்னால் மறுபடியும் ஒரு தடவை பள்ளத்தின் ஓரத்தில் வந்து நின்றாள்.

"இத சரி பண்ண முடியுமா?"

"முடியுங்க. அடியோட போனது இந்த ஒரு எடந்தான். மத்தது மேலாப்பல புடிச்ச துரு. அடச்சத எல்லாம் எடுத்துட்டு, கதவத் தொறந்து வெச்சு, நல்லா காய வெக்கணும். டிங்கர் கிட்ட குடுத்து இங்க ஒரு தகடு வெச்சா போதும். அப்பறம் கொண்டாந்தா நான் பாத்துக்கறேன். வண்டி இன்னும் ரொம்ப வருசம் ஓடும்."

வண்டி பின்னால் நகர்ந்து போயிற்று. பள்ளத்தில் வெளிச்சம் வந்தது. முதலாளி எட்டிப் பார்த்து, என் சிவந்த முகத்தைக் கண்டு, இன்னாபா ரத்தமா என்று பதறினார்.

அந்த வாரம் அக்கா வழக்கமான நாளுக்கு முன்பே வந்துவிட்டாள். படப்பையிலிருந்து பேச்சு மண்ணூர் வரைக்கும் போயிருந்தது. மாப்பிள்ளை பெண் வீட்டு வண்டியைக் குத்தி ஓட்டை போட்டுவிட்டாராம். பஸ்ஸில் யாரோ சொல்லி அக்கா கேட்டிருக்கிறாள். அவள் அழவில்லை, கத்தவும் இல்லை. சோற்றை வடித்துவிட்டு நிதானமாகக் கேட்டாள்.

"பேசச் சொன்னேன். குத்தச் சொன்னேனா?"

நான் நடந்ததைச் சொல்லப் பார்த்தேன். ஓட்டை, ரப்பர், தண்ணீர் என்று என்னவோ சொன்னேன். பள்ளத்தில் வந்த பேச்சு வீட்டில் வரவில்லை. ஐப்பசி முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. சொல்லி அனுப்ப மாட்டார்கள் என்று அக்கா முடிவு கட்டிவிட்டாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அவள் போன பிறகு வெகுநேரம் துடைப்பத்திலிருந்து ஈர்க்குச்சிகளை உருவி, நுனியைச் சீவி, ஒரே அளவாக நறுக்கிக்கொண்டிருந்தேன். வேலை எதுவும் வரவில்லை. சும்மா நறுக்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில். அம்பாசிடர் மறுபடியும் வந்தது.

அண்ணன் வண்டியைப் பள்ளத்தின் மேல் ஏற்றிவிட்டு, என் பக்கம் திரும்பாமல் டீக்கடைக்குப் போனார். நான் இறங்கிப் பார்த்தேன். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. டிங்கர் வைத்த புதுத் தகடு இருந்தது. அது நான் எதிர்பார்த்ததுதான். ஆனால் கதவுகளின் அடியில் ஒட்டியிருந்த ரப்பர் ஒன்றுகூட இல்லை. எல்லா ஓட்டைகளும் சுத்தமாகத் திறந்திருந்தன. ஓட்டையைச் சுற்றித் தாரைச் சுரண்டி, துருவை உப்புத்தாளால் தேய்த்து, தகடு வெள்ளையாகத் தெரிந்தது. தரைத் தகட்டில் இருந்த ரப்பர்கள் மட்டும் அப்படியே இருந்தன. நான் சொன்னதில் ஒரு வார்த்தை தவறவில்லை.

நீல வார்ச் செருப்பு ஓரத்தில் வந்து நின்றது.

"டிங்கர் நல்லா செஞ்சிருக்காருங்க" என்றேன்.

"டிங்கர் தகடு மட்டுந்தான் வெச்சாரு. மத்தது நான் செஞ்சேன். செருப்புக்கு ஓட்ட போடற ஊசி ஒண்ணு கீது, அதால குத்தி எடுத்தேன். வாசல்ல கோணி விரிச்சுப் படுத்து. தெருவே நின்னு பாத்துச்சு."

நான் ரெட் ஆக்சைடு டப்பாவைத் திறந்தேன். ஒரு கை அடித்து முடித்து, அது காய்கிற வரை காத்திருந்தோம். வெயிலோடு காற்றும் அடித்தது. அவள் போய் டீ குடிக்கவில்லை. பள்ளத்தின் ஓரத்திலேயே ஒரு தகர டின்னைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தாள். நான் நறுக்கி வைத்திருந்த குச்சிகளை வெளியே எடுத்தேன். இது எதற்கு என்று கேட்டாள், சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, கம்பெனியிலும் கயிறு கோக்கிற கண்ணைச் சுற்றித் தைக்கும்போது, அது மூடிப்போகாமல் இருக்க இப்படித்தான் முள் சொருகி வைப்போம் என்றாள். குச்சிகளை அவளே ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள், நான் வாங்கிச் சொருகினேன். வண்டியின் அடியில் விளிம்பு முழுக்கக் குச்சி நீட்டிக்கொண்டு நின்றது.

முதலாளி அந்தப் பக்கமாகப் போனவர் நின்று பார்த்தார். "இன்னிக்கு ஒரு தொடப்பம் காலி" என்றார். பிறகு அவளைப் பார்த்து, "உனுக்கு இன்னா உறவும்மா இவன்?" என்று கேட்டார். அவள் மீந்த குச்சிகளை எண்ணினாள். நான் தார் டப்பாவைத் திறந்தேன். முதலாளிக்கு என்ன புரிந்ததோ, மோட்டாரை நிறுத்திவிட்டு அவரும் டீக்கடைக்குப் போய்விட்டார்.

தார் அடிக்கத் தொடங்கினேன். பிரஷ்ஷைத் தூக்கும்போது ஒரு சொட்டு தெறித்து, சரியாக அவளுடைய பாதி நகத்தின் மேல் விழுந்தது. நான் பதறி மண்ணெண்ணெய்த் துணியை நீட்டினேன். அவள் வாங்கித் துடைத்தாள். தோலில் இருந்தது போய்விட்டது. நகம் உடைந்த கோட்டில் மட்டும் கறுப்பாக நின்றுவிட்டது.

துணியைத் திருப்பிக் கொடுக்கும்போது கேட்டாள்.

"அன்னிக்கு எங்க வூட்ல ஏன் ஒரு வார்த்தகூட பேசல?"

பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பிரஷ் சொட்டிக்கொண்டே இருந்தது.

"அங்க எனக்குத் தெரிஞ்சது ஒண்ணும் கேக்கலீங்க. சம்பளம், வூடு எல்லாம் அக்காவுக்குத் தெரியும். எனக்குத் தெரிஞ்சது இதுதான்."

"என்னயப் பாக்கவும் இல்ல."

"காலப் பாத்தேன்."

இதைச் சொன்னதும் எனக்கே வெட்கமாகிவிட்டது. தாரில் மும்முரமாக இருப்பது போல நகர்ந்து பின்சக்கரத்துப் பக்கம் போனேன். பிறகு அந்தப் பக்கத்திலிருந்து அவள் குரல் வந்தது.

"நீங்க பேசறவரா இல்லியான்னு பாக்கத்தான் அன்னிக்கு வண்டிய இங்க வுடச் சொன்னேன். படப்பையில எடமா இல்ல? நான் ஒட்டினதுன்னு தெரிஞ்சப்பறமும் பாதிதான் சரின்னீங்க. முழுசும் சரின்னு சொல்லியிருந்தா அப்பிடியே வூட்டுக்குப் போயிருப்பேன்."

வெயில் சாய்ந்தது. தார் பாதி இறுகியது. குச்சி உருவுகிற பக்குவம் விரல் வைத்துப் பார்த்தால் தெரியும், ஒட்ட வேண்டும், ஆனால் விரலோடு வரக் கூடாது. அவளும் விரல் வைத்துப் பார்த்தாள். ஓரத்தில் இருந்த குச்சிகளை அவள் மேலிருந்து உருவினாள், உள்பக்கம் இருந்தவற்றை நான் கீழிருந்து உருவினேன். ஒவ்வொரு குச்சியும் போன இடத்தில் ஒரு பொட்டு வெளிச்சம் தெரிந்தது.

அண்ணன் வந்தார். வண்டியைச் சுற்றி நடந்தார். அவருக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை என்று நடையிலேயே தெரிந்தது. அவள் ஒரு சொம்பில் கிணற்றுத் தண்ணீர் எடுத்து வந்தாள். பின்கதவின் கண்ணாடி ஓரமாக மெல்ல ஊற்றினாள். நாங்கள் மூன்று பேரும் காத்திருந்தோம். கதவுக்குள் தண்ணீர் இறங்குகிற சத்தம் கேட்டது. பிறகு கதவின் அடியில் முதல் ஓட்டையில் ஒரு சொட்டு, அடுத்ததில் ஒரு சொட்டு, அப்புறம் எல்லாவற்றிலும் நூல் நூலாக. சிவப்பே இல்லை. நான் தள்ளி நிற்க மறந்துவிட்டேன். மறுபடியும் தலையில்தான் விழுந்தது.

"உங்க அக்காவ இந்த வாரம் வூட்டாண்ட வரச் சொல்லுங்க" என்றாள் அவள்.

அண்ணன் தங்கையைப் பார்த்தார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்துப் பள்ளத்துக்குள் போட்டார்.

"தலையத் தொடச்சுக்கோங்க மாப்ள. சளி புடிச்சுக்கப் போவுது."

கார்த்திகையில் கல்யாணம். சிங்கப்பெருமாள் கோவில் சத்திரத்தில், மழைக்கு நடுவில். அந்த அம்பாசிடரில்தான் பெண் வந்து இறங்கினாள். கால் வைக்கிற இடம் காய்ந்து இருந்தது. அம்மியின் மேல் அவள் காலைத் தூக்கி வைத்து மெட்டி போடும்போது, பக்கத்தில் நின்ற அக்கா குனிந்து பார்த்துவிட்டாள். பெருவிரலின் பாதி நகத்து ஓரத்தில் கறுப்புக் கோடு இன்னும் போகாமல் இருந்தது.

"இன்னாம்மா இது கால்ல, கல்யாணத்தன்னிக்கு?"

"தாருக்கா" என்றாள் அவள். "துரு புடிக்காம இருக்கத்தான்."

மணவறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அத்தனை பேர் பார்க்க நானும் சிரித்தேன் என்று அக்கா இன்றைக்கும் சொல்லுகிறாள்.